சி.சி.யை விடுங்கள், கிலோவைப் பாருங்கள்

ஐம்பத்தைந்தைத் தாண்டியும் மலைக்கு வண்டி எடுக்கும் ரைடர்களுக்கு,

பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், வீட்டுக் கடன் அடைந்துவிட்டது, பி.எஃப். பணம் கைக்கு வந்திருக்கிறது. ராஜ்தூத்தில் தொடங்கி ஆர்.எக்ஸ். 100, புல்லட் என்று ஓட்டிப் பழகிய கைக்கு இனியாவது ஒரு பெரிய அட்வென்ச்சர் பைக் வேண்டும் என்று உங்களில் பலர் ஷோரூம் ஏறி இறங்குகிறீர்கள். அந்த ஆசையில் தப்பே இல்லை. லடாக்கோ ஸ்பிதியோ வால்பாறையோ, போக வேண்டிய இடங்களுக்குப் போகத்தான் வேண்டும். எதில் போவது என்பதில்தான் எனக்கு வழக்கு. அனுபவம் கூடக் கூட வண்டியும் பெரிதாக வேண்டும் என்று ஒரு வழக்கம் நம்மிடையே ஊறியிருக்கிறது. 150-லிருந்து 350-க்கு, 350-லிருந்து 650-க்கு, அங்கிருந்து 1300-க்கு என்று படி ஏறுவதுபோல. நாற்பது வயதுவரை அந்தக் கணக்குக்கு ஒரு நியாயம் உண்டு. அதற்குப் பிறகு, அதுவும் தார் ரோடு முடிகிற இடத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்கு, அந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். அடுத்த வண்டியை எடையைப் பார்த்து வாங்குங்கள், அதுவும் இப்போது இருப்பதைவிடக் குறைந்த எடையில் வாங்குங்கள் என்பதே இந்த மடலில் நான் சொல்ல வருவது.

வயது எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ரோட்டைப் படிக்கும் கண், எதிரே வரும் லாரி டிரைவர் என்ன செய்யப்போகிறார் என்ற ஊகம், எந்த வளைவில் எந்த கியர் என்ற கணக்கு, ஓவர்டேக் செய்யாமல் பின்னால் காத்திருக்கும் பொறுமை, இவற்றை வயது பெரிதாகத் தொடுவதில்லை. சொல்லப்போனால் இவை கூடுகின்றன. குறைவது தசை. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசையின் அளவு குறைகிறது, அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது என்பது மருத்துவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் கணக்கு. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மொத்த பலம் குறைவதைவிட, அந்தப் பலத்தைச் சட்டென்று வெளிக்கொண்டுவரும் திறன் வேகமாகக் குறைகிறது. மெதுவாக ஒரு மூட்டையைத் தூக்க முடிகிறவரால், சாய்கிற வண்டியை அரை நொடியில் காலை ஊன்றி நிறுத்த முடியாமல் போவது இதனால்தான். ஜிம்முக்குப் போகிறேன், தினமும் தண்டால் எடுக்கிறேன் என்பவர்கள் இந்தச் சரிவைத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது.

இந்த அரை நொடி எங்கே தேவைப்படுகிறது என்று யோசியுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியை யாரும் தோள்பலத்தால் தாங்குவதில்லை. சக்கரங்களின் ஓட்டமே அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. நடைவேகத்துக்கு இறங்கும்போதும் நிற்கும்போதும்தான் வண்டியின் எடை ஓட்டுபவரின் மேல் வந்து உட்காருகிறது. கரடுமுரடான பாதையில் நாள் முழுக்கப் போகிறவருக்கு இந்த வேகம்தான் அதிகம். யூ டர்ன், மணல் திட்டு, ஓடைக்கரை, பார்க்கிங், பெட்ரோல் பங்க்கின் சரிந்த தரை என்று வண்டி கீழே போகும் இடங்கள் எல்லாம் இந்த வகைதான்.

இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். வண்டியின் எடைமையம் ஹேண்டில்பாரின் உயரத்தில் ஏறக்குறைய பாதியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷன், டயரின் அகலம் எல்லாவற்றையும் விட்டுவிடுவோம். 240 கிலோ வண்டி நின்ற இடத்தில் பத்து டிகிரி சாய்ந்தால் அதை ஹேண்டில்பாரில் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 21 கிலோ விசை வேண்டும். இருபது டிகிரியில் 41, முப்பது டிகிரியில் 60. அதே கணக்கில் 170 கிலோ வண்டிக்கு 15, 29, 42. இப்போது உங்களையே வைத்துப் பாருங்கள். நாற்பது வயதில் பக்கவாட்டில் 40 கிலோ விசையைத் தாங்க முடிந்த ஒருவருக்கு இப்போது 30 கிலோதான் முடிகிறது என்று வைப்போம். அன்று 240 கிலோ வண்டியை அவர் 19 டிகிரிச் சாய்வு வரை மீட்டிருப்பார். இன்று அதே வண்டியை 14 டிகிரிக்கு மேல் விட்டால் கீழேதான். ஆனால் இன்று அவர் 170 கிலோ வண்டியில் இருந்தால் 20 டிகிரி வரை மீட்க முடிகிறது. அதாவது போன பலத்தை வண்டியின் எடை ஈடுகட்டுவதோடு நிற்காமல், நாற்பது வயதில் இருந்ததைவிட ஒரு டிகிரி கூடுதலாகவே கொடுக்கிறது. எந்த லேகியமும் இதைச் செய்யாது.

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் இடப்பக்கம் மடியும் ஒரு வளைவின் நடுவில் இருக்கிறீர்கள். மேலிருந்து வரும் பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு திரும்புகிறது. நிற்க வேண்டியதுதான். பின் பிரேக்கை மிதித்தபடி இருப்பதால் வலது காலை எடுக்க முடியாது. இடது காலைக் கீழே விட்டால், வளைவின் உள்பக்கம் சரிந்திருப்பதால் தரை இரண்டு அங்குலம் தள்ளி இருக்கிறது. பாதம் தரையைத் தேடுகிற அந்த நேரத்தில் வண்டி சாயத் தொடங்கிவிடுகிறது. முன் பிரேக்கை மட்டும் நம்பி வலது காலை ஊன்றலாம்தான். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் எடை முழுக்கப் பின்சக்கரத்தில் இருக்க, லேசாகிப்போன முன்சக்கரம் சரளையில் பின்னோக்கி வழுக்கும். இதற்கெல்லாம் சரியான உத்தி இருக்கிறது என்பதும், உங்களுக்கு அது தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை அந்த உத்தி காப்பாற்றும். மிச்சமிருக்கும் ஒரு முறையில் காப்பாற்றப் போவது சீட்டின் உயரமும் வண்டியின் எடையும்தான். பெரிய வண்டிகள் பலவற்றின் சீட் 850 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது. ஐந்தரை அடி ஆளுக்கு அது நுனிக்கால் உயரம்.

விழுந்தால் என்ன, தட்டிவிட்டு எழுந்திருக்கலாம் என்பது இருபத்தைந்து வயதின் பேச்சு. அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளின் பதிவுகளை வைத்து 2013-இல் வெளியான ஒரு ஆய்வு, விபத்தில் சிக்கிய அறுபது வயதுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு இருபது, முப்பதுகளில் இருப்பவர்களைப்போல மூன்று மடங்கு என்று காட்டியது. விலா எலும்பு முறிந்தால் இளைஞர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேற்றிக்கொள்வார். அறுபதில் அது நுரையீரல் வரை போகக்கூடிய பிரச்சினை. நின்ற இடத்திலேயே சாயும் கனமான வண்டி இன்னொரு வேலையும் செய்யும். கணுக்காலைத் தன் பக்கப்பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் போட்டுக்கொள்ளும். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் உங்களில் கணிசமானோர். அவர்களுக்குச் சின்ன விழுதல் என்று எதுவும் கிடையாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். நெடுஞ்சாலைதான் முதலில் வரும். 'சென்னையிலிருந்து மணாலி போக மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டாமா? சின்ன வண்டி திணறாதா?' என்று கேட்பீர்கள். நம் நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வேகமே மணிக்கு 80 கிலோமீட்டர்தான். வேகமாகப் போக வாகாகக் கட்டிய ரோடுகளில் பலவற்றில் இரு சக்கர வண்டிகளை விடுவதே இல்லை. மும்பை - புனே விரைவுச்சாலை அப்படி. பெங்களூரு - மைசூரு சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் தடை. ஒரு பைக் சமதளத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடவே 15 குதிரைத்திறன் போதும். இரண்டு பெட்டியும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் இருபது என்று வையுங்கள். நாற்பது குதிரைத்திறன் வண்டியில் அதற்கு மேலும் பாதி மிச்சம் இருக்கிறது. 145 குதிரைத்திறன் கொண்ட பி.எம்.டபிள்யூ. ஆர் 1300 ஜி.எஸ். வண்டியில் மிச்சமிருக்கும் நூற்றுச் சொச்சத்தை எங்கே செலவு செய்வீர்கள்? ஜெர்மனியில் வரம்பற்ற ஆட்டோபானில் மனைவியோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறவருக்கு அது பயன்படும். அந்த வண்டியை வடிவமைத்ததே அவரை மனதில் வைத்துத்தான்.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய வண்டி நெடுஞ்சாலையில் சொகுசு. பக்கக்காற்றில் அலையாது, லாரி கடக்கும்போது ஆட்டம் குறைவு, இரட்டை சிலிண்டரின் ஓட்டம் நீர்போல இருக்கும். ஒற்றை சிலிண்டர் வண்டி நாள் முழுக்க 90-இல் ஓடினால் அதிர்வு கைக்குத் தெரியும். விரல் மூட்டில் வலி உள்ளவர்களுக்கு இது நிஜமான குறை. அவர்கள் கட்டாயம் ஒரு மணி நேரமாவது ஓட்டிப்பார்த்துவிட்டு வாங்க வேண்டும். அதற்காக எடையைக் கூட்டுவதைவிட, நாளொன்றுக்கு 600 கிலோமீட்டர் என்ற கெடுவை 350 ஆக்குவது மலிவான வழி. ஓய்வு பெற்றவருக்கு அவ்வளவு அவசரம் எங்கே? வேண்டுமானால் வண்டியை ரயிலில் ஏற்றிவிட்டு சண்டிகரில் இறக்கிக்கொள்ளலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்னொரு எதிர்வாதம், உயரமான கணவாய்களில் சின்ன எஞ்சின் மூச்சு வாங்கும் என்பது. உண்மைதான். 19,024 அடி உயரத்தில் உம்லிங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. எஞ்சினின் சக்தியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கும். இருபது குதிரைத்திறன் பத்தாகிவிடும். ஆனால் அதே காற்றைத்தான் நீங்களும் சுவாசிக்கிறீர்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எஞ்சின் முதல் கியரில் ஊர்ந்தாவது ஏறிவிடும். விழுந்த 240 கிலோ வண்டியை அந்த உயரத்தில் ஒருமுறை நிமிர்த்திவிட்டு அடுத்த கால்மணி நேரம் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கப்போவது ஓட்டுபவர்தான். ஸ்பிதியிலிருந்து பட்டால் வழியாகக் கிராம்பூவுக்கு வரும் பாதையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காலையில் கணுக்காலளவு ஓடும் நாலா என்ற ஓடை, பிற்பகலில் பனி உருகி முழங்காலைத் தொடும். அடியில் உருண்டைக் கற்கள், கலங்கிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. முன்சக்கரம் ஒரு கல்லில் பட்டுத் திரும்பும்போது காலை ஊன்றி வண்டியை இழுத்து நேராக்க வேண்டும். அங்கே எஞ்சின் சக்தி அதிகம் இருந்து என்ன பயன்?

பெரிய வண்டிதான் உண்மையான அட்வென்ச்சர் வண்டி என்ற நினைப்பு எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். இந்த வகையையே தொடங்கிவைத்த பி.எம்.டபிள்யூ. ஆர் 80 ஜி/எஸ் 1980-இல் வந்தபோது அதன் எடை 186 கிலோ, சக்தி 50 குதிரைத்திறன். அடுத்த வருடமே ஊபர் ஓரியோல் அந்த வம்சத்து வண்டியில் பாரிஸ் - டக்கார் பந்தயத்தை வென்றார். இன்றைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் எடை 196 கிலோ, சக்தி 40. ஆக, அந்தக் காலத்து ஜி.எஸ்.ஸுக்கு நெருக்கமாக இருப்பது இன்றைய ஜி.எஸ். அல்ல, சென்னைக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் தயாராகும் வண்டி. இடைப்பட்ட நாற்பது வருடங்களில் அந்த ஜெர்மன் வண்டி ஐம்பது கிலோ ஏறியது, முப்பது லிட்டர் டேங்க் கொண்ட அதன் அட்வென்ச்சர் வடிவமோ எண்பதுக்கும் மேல். டக்கார் பந்தயமோ எதிர்த்திசையில் போனது. 2011 முதல் அங்கே 450 சி.சி.தான் வரம்பு. உலகின் மிகக் கடினமான பாலைவனங்களை அந்த எஞ்சினில் கடக்கிறார்கள்.

பெரிய ஜி.எஸ். மோகத்தை உலகெங்கும் பரப்பியது 2004-இன் 'லாங் வே ரவுண்ட்' தொலைக்காட்சித் தொடர். ஈவன் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் ஆர் 1150 ஜி.எஸ். அட்வென்ச்சரில் லண்டனிலிருந்து நியூயார்க் போனார்கள். தொடரைப் பார்த்து வண்டி வாங்கியவர்கள் அதில் வரும் மங்கோலியப் பகுதியைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். சேற்றிலும் சதுப்பிலும் முப்பதுகளில் இருந்த இருவரும் விழுந்து விழுந்து எழுகிறார்கள், திரும்பிவிடலாமா என்ற பேச்சே வருகிறது. கேமராமேனின் பி.எம்.டபிள்யூ. பழுதானபோது அவருக்கு அங்கேயே ஒரு ரஷ்ய ஒற்றை சிலிண்டர் வண்டியைத்தான் வாங்கிக்கொடுத்தார்கள். இன்று உற்பத்தியாளர்களே எடையின் தொல்லையை ஒருவகையில் ஒப்புக்கொள்கிறார்கள். நிற்கும்போது தானாக மூன்று சென்டிமீட்டர் தாழும் சஸ்பென்ஷனை ஆர் 1300 ஜி.எஸ்.ஸில் தருகிறார்கள். அருமையான பொறியியல்தான். ஆனால் எந்த எலக்ட்ரானிக்ஸும் விழுந்த வண்டியைத் தூக்கிக்கொடுக்காது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த பாக்ஸர் எஞ்சினின் எடைமையம் தாழ்வு, விழுந்தாலும் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் சிலிண்டரின் மேல் படுக்கும், முழுக்கத் தரையில் சரியாது. எடையை மட்டும் வைத்துப் பயப்படும் அளவுக்கு அது தூக்கக் கடினமில்லை. அதற்காக இலகு என்று ஆகிவிடாது.

மனைவியோடு போகிறவர்களின் வாதத்தில்தான் எனக்கு முழுப் பதில் இல்லை. இருவர், இரண்டு வாரச் சாமான், மலைப்பாதை என்றால் 200 சி.சி. வண்டி போதாது. பின்சீட்டின் சொகுசும் சின்ன வண்டிகளில் சுமார்தான். அவர்களுக்கு 400, 450 சி.சி. ரகம் பொருந்தும். அதற்கு மேல் போகிறவர்கள் தார் ரோட்டோடு நிறுத்திக்கொள்வதாக முடிவு செய்தால், கனமான இரட்டை சிலிண்டரை வாங்குவதில் என் ஆட்சேபம் பாதி குறையும். ஆனால் பின்சீட்டில் யாருமே உட்காராத வண்டிக்குப் பின்சீட்டைக் காரணம் காட்டுபவர்களும் உண்டு. 'எப்போதாவது வருவாள்' என்பதற்காகத் தினமும் எழுபது கிலோ கூடுதலாகச் சுமக்க வேண்டியதில்லை.

சாமான் விஷயத்தில் கறாராக இருங்கள். 170 கிலோ வண்டி வாங்கிவிட்டு அதில் அலுமினியப் பெட்டிகள், தாங்கிகள், இரும்புக் கம்பிக் கவசம், கூடுதல் விளக்கு என்று அடுக்கினால் வாங்கிய லாபம் போய்விடும். பெட்டியும் தாங்கியும் காலியாக இருக்கும்போதே பத்து கிலோவைத் தாண்டும். துணிப்பைகள் போதும். விழும்போது காலில் மோதினாலும் வளைந்துகொடுக்கும். உயரமான டாப் பாக்ஸில் கனமான டூல்கிட்டை வைப்பது எல்லாவற்றிலும் மோசம்.

அடுத்தது யாரும் வாயைத் திறந்து சொல்லாத வாதம். இத்தனை வருடம் ஓட்டிவிட்டு 210 சி.சி. வண்டியில் போய் நின்றால் குழுவில் என்ன நினைப்பார்கள்? டெட் சைமன் 1973 முதல் 1977 வரை 500 சி.சி. டிரையம்ஃபில் உலகைச் சுற்றினார், அந்தப் பயணத்தைப் பற்றிய அவருடைய புத்தகம்தான் மெக்ரெகருக்கும் பூர்மனுக்குமே தூண்டுதல். லோயிஸ் பிரைஸ் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் நுனிவரை 225 சி.சி. யமஹாவில் போனார். அவர்களிடம் யாரும் சி.சி. கேட்கவில்லை. டீக்கடையில் வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடுவது ஒரு சந்தோஷம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் முன்னால் வண்டியைப் பின்னோக்கித் தள்ளி எடுக்க மூன்று பேரைக் கூப்பிட வேண்டியிருப்பது அதில் சேராது.

நம் சந்தையில் இப்போது தேர்வுக்குப் பஞ்சமில்லை. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210-உம் சுசுகி வி-ஸ்டிராம் எஸ்.எக்ஸ்.ஸும் 170 கிலோவுக்குள். ஓசூரில் டி.வி.எஸ். தயாரிக்கும் அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 180 கிலோ, 36 குதிரைத்திறன். கே.டி.எம். 390 அட்வென்ச்சரும் அந்த எடையை ஒட்டித்தான். தனியாக, கரடான பாதைகளுக்கே போகிறவர் முதல் இரண்டைப் பார்க்கலாம். நெடுஞ்சாலையும் மலையும் சரிபாதி என்றால் அடுத்த இரண்டு. பொருளும் ஆளும் அதிகம், வழியில் மெக்கானிக் வேண்டும் என்பவர்களுக்கு ஹிமாலயன். பழைய 411 ஹிமாலயனின் சீட் 800 மில்லிமீட்டர்தான் என்பதால் குட்டையான ரைடர்கள் அதை செகண்ட் ஹேண்டில் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது, எடை மட்டும் 199 கிலோ.

எதை எடுப்பதானாலும் டெஸ்ட் ரைடில் வேகத்தைச் சோதிக்காதீர்கள். அது உங்களுக்குத் தெரிந்த விஷயம். எஞ்சினை அணைத்துவிட்டு, லேசான சரிவில் உட்கார்ந்தபடி வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். நிறுத்தி, இரண்டு பக்கமும் மாறி மாறிக் காலை ஊன்றுங்கள். ஷோரூமில் வண்டியைக் கீழே கிடத்த விடமாட்டார்கள். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள், டேங்கை நிரப்பி, நீங்கள் கொண்டுபோகும் சாமானையும் கட்டி, புல்தரையில் மெல்லப் படுக்க வையுங்கள். இக்னிஷனை அணைத்து, கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கிவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, முதுகை வளைக்காமல் தொடைபலத்தில் பின்னோக்கி நடந்து எழுப்புங்கள். பிறகு இன்னொரு முறை. மலையில் ஒரே நாளில் இரண்டு தடவை விழுவது சகஜம் என்பதால் இரண்டாவது முறையை வைத்தே முடிவு செய்யுங்கள். அப்போது நண்பரைக் கைகொடுக்க விடாதீர்கள்.